ஓடையும் ஈரநிலமும் உள்ள மனையில் கட்டடம் எழுப்புவது எப்படி: வட கரோலைனாவில் அனுமதி முதல் ஈட்டு கிரெடிட் வரை

வட கரோலைனாவின் ராலே, கேரி, ஏபெக்ஸ் வட்டாரத்தில் காலி நிலம் வாங்கி, அதில் வீடோ குழந்தைகள் காப்பகமோ சிறு அலுவலகக் கட்டடமோ எழுப்ப நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே விற்பனைக்கு வரும் மனைகள் பலவற்றின் பின்புறத்தில் ஓர் ஓடையோ, குளிர்காலத்தில் கால் வைத்தால் புதைகிற தாழ்வான மரத்தோப்போ இருக்கும். அதன்மேல் மண் கொட்ட வேண்டுமானால் அமெரிக்கத் தூய நீர்ச் சட்டத்தின் 404ஆம் பிரிவின்படி, ராணுவத்தின் பொறியியல் அமைப்பான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸிடம் (சுருக்கமாகக் கோர்) அனுமதி பெற வேண்டும். அழியும் ஈரநிலத்துக்கு ஈடாக, வேறோர் இடத்தில் மீட்டெடுக்கப்பட்ட ஈரநிலத்தின் பங்கை விலை கொடுத்து வாங்கவும் வேண்டியிருக்கும். அந்தப் பங்கைத்தான் கிரெடிட் என்கிறார்கள். நண்பர்கள் சிலரோடு சேர்ந்து வாங்கிய ஒரு மனைக்காக இந்த நடைமுறை முழுவதையும் நான் பார்த்து முடித்தேன். எந்தத் தாளை எப்போது யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை ஒரே இடத்தில் சொல்பவர் எவரும் கிடைக்காததுதான் எங்களை மிகவும் அலைக்கழித்தது.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கட்டினால் ஓடையை மூடிவிடலாம் என்ற எண்ணம் நம்மவர்களிடையே பரவலாக இருக்கிறது. கிரெடிட் வாங்குவது இந்த நடைமுறையின் கடைசிப் படி மட்டுமல்ல, இருப்பதிலேயே எளிதான படியும் அதுதான். உங்கள் செலவும் காலமும் தீர்மானமாவது, ஈரநிலத்தின் எல்லையைக் குறிக்கிற நாளிலும் கட்டடத்தின் வரைபடம் போடுகிற நாளிலும்தான்.

1. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் வரைபடங்களைப் பாருங்கள்

வீட்டிலிருந்தபடியே, செலவில்லாமல் பார்க்கக்கூடிய வரைபடங்கள் நான்கு உள்ளன. ஃபெடரல் மீன், வனவுயிர்த் துறையின் தேசிய ஈரநிலக் கணக்கெடுப்பு வரைபடம், வேளாண் துறையின் மண் ஆய்வு வரைபடம், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். வெளியிடும் நிலவமைப்பு வரைபடம், இந்த ஊர்கள் இருக்கும் வேக் கவுன்ட்டியின் ஐமேப்ஸ் என்ற இணைய வரைபடம் ஆகியவையே அவை. நான்கிலும் உங்கள் மனையைத் தேடி, படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் விண்ணப்பத்தோடு இணைக்கவும் இவை தேவைப்படும்.

ஆனால் இவற்றில் எதுவும் தீர்ப்புச் சொல்லாது. ஈரநிலக் கணக்கெடுப்பு வரைபடம் பெரும்பாலும் வான்வழிப் படங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டது என்பதால், மரங்கள் மூடிய சிறிய ஈரநிலங்கள் அதில் விடுபட்டுப்போவது சாதாரணம். வரைபடத்தில் நீலக்கோடு இல்லை, ஆகவே நிலம் காய்ந்த நிலம் என்று ஒரு தரகர் எங்களிடம் அடித்துச் சொன்னார். அந்த நிலத்தின் நடுவேயோ, ஈரத்துக்கு அடையாளமாக, கிரேஃபிஷ் என்ற நன்னீர் நண்டுகள் தள்ளிய மண்கூண்டுகள் வரிசையாக நின்றன. வெள்ளக் காப்பீட்டுக்காக ஃபெடரல் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா வெளியிடும் வரைபடத்தையும் இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வெள்ளப் பகுதிக்கு வெளியே ஈரநிலம் இருக்கலாம், வெள்ளப் பகுதிக்குள் ஈரநிலமே இல்லாமலும் இருக்கலாம்.

வட கரோலைனாவில் வீடு, மனை வாங்கும் ஒப்பந்தத்தில் டியூ டிலிஜென்ஸ் காலம் என்று ஒன்று உண்டு, வாங்குபவர் மனையை ஆராய்ந்து வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் காலம் அது. அதற்காக விற்பவரிடம் கொடுக்கும் கட்டணம், நீங்கள் பின்வாங்கினால் பொதுவாகத் திரும்பி வராது. ஈரநில எல்லையைக் குறிக்கும் வேலையை அந்தக் காலத்துக்குள் முடித்துவிட முடியும், ஆனால் அனுமதி வாங்கும் வேலையை முடிக்க முடியாது. ஆகவே ஒன்று அந்தக் காலத்தை நீளமாகக் கேளுங்கள், இல்லையேல் அனுமதி கிடைத்தால்தான் பத்திரப் பதிவு என்ற நிபந்தனையை வழக்கறிஞரைக் கொண்டு ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்த்துவிடுங்கள். நிலம் உங்கள் பெயருக்கு வருமுன் வேலை தொடங்குவதால், நிலத்துக்குள் நுழையவும் குழி தோண்டவும் அதிகாரிகள் வந்து பார்க்கவும் விற்பவர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். அதிகாரிகளிடம் பேசவும் விண்ணப்பிக்கவும் முகவரை நியமிக்கும் படிவத்திலும் அவருடைய கையெழுத்து வேண்டும். இந்த ஒரு கையெழுத்துக்காக மொத்த வேலையும் தேங்கி நிற்பதுண்டு.

2. எல்லையைக் குறிக்க ஆளை நியமியுங்கள்

இதற்கென்று ஈரநில கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். கோர் 1987இல் வெளியிட்ட கையேட்டையும் அந்தந்தப் பகுதிக்கான துணைக் கையேட்டையும் பின்பற்றி, மூன்று அடையாளங்களை அவர்கள் தேடுவார்கள். நீர் தேங்கும் மண்ணில் வளரும் செடிகொடிகள், நீரில் ஊறிய மண், நீர் வந்து நிற்பதற்கான தடயங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் வழக்கமாக அது ஈரநிலம் எனப்படும்.

அவர்கள் வேலை செய்யும் நாளில் நீங்களும் கூடவே நடந்து பாருங்கள். துரப்பணத்தால் ஓரடிக்கும் மேல் ஆழமாக மண்ணை எடுத்து, ஒரு கட்டியை உடைத்து, மன்செல் நிறப் புத்தகத்தின் துளைகளுக்குப் பின்னால் வைத்து ஒப்பிடுவார்கள். இந்தப் பகுதியின் மேட்டு மண் செங்கல் நிறத்தில் இருக்கும். ஈரநில மண்ணோ சாம்பல் நிறத்தில், வேர்களைச் சுற்றித் துருப் பொட்டுகளோடு வரும். கோடு போகும் வழியெங்கும் எண் எழுதிய நாடாக்களை மரங்களில் கட்டுவார்கள். உங்கள் பணம் எங்கே போகப்போகிறது என்பது அந்த நாடாக்களின் வரிசையைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

ஓடைகளுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மாநில நீர்வளப் பிரிவின் மதிப்பெண் படிவத்தில் 19 மதிப்பெண் வந்தால் அது இடையிடையே ஓடும் ஓடை, 30 வந்தால் ஆண்டு முழுதும் ஓடும் ஓடை, 19க்குக் கீழே என்றால் பொதுவாக வெறும் மழைநீர் வாய்க்கால். பெருமழை பெய்து 48 மணி நேரமாவது கழிந்த பிறகே மதிப்பெண் போட வேண்டும் என்பது விதி. ஆகவே வானிலையைப் பார்த்து நாள் குறியுங்கள்.

கட்டணம் மனையின் பரப்பையும் புதரின் அடர்த்தியையும் பொறுத்துச் சில ஆயிரம் டாலர் வரை ஆகும். விலைப்புள்ளி கேட்கும்போது எல்லை குறித்தல், அதிகாரிகளுடன் களப் பார்வை, விண்ணப்பம் தயாரித்தல், கிரெடிட் தேடுதல் ஆகியவற்றுக்குத் தனித்தனியாகத் தொகை எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகை சொல்பவர்களிடம், பின்னால் எது சேர்ந்தது எது சேராதது என்ற வாக்குவாதம் வரும். நாடாக்களின் இடத்தைச் சர்வேயரை வைத்து அளந்து வரைபடத்தில் ஏற்றுவது மற்றொரு செலவு. புல் வெட்டுபவரோ மான்களோ நாடாவைப் பிய்த்துவிடுமுன் அதை முடித்துவிடுங்கள்.

3. எல்லைக் கோட்டை எழுத்தில் உறுதிசெய்யுங்கள்

கன்சல்டன்ட் போட்ட கோடு அவருடைய கருத்து மட்டுமே. கோர் அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டால்தான் அதற்கு மதிப்பு. இங்கே உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட அதிகார வரம்புத் தீர்மானம் என்பது எந்தெந்த நீர்நிலை ஃபெடரல் சட்டத்தின்கீழ் வருகிறது, எது வரவில்லை என்பதை அதிகாரபூர்வமாகச் சொல்லும். பொதுவாக 5 ஆண்டு செல்லும். முதனிலைத் தீர்மானம் என்பது இருப்பவை எல்லாமே சட்டத்தின்கீழ் வருகின்றன என்று நீங்களாகவே ஒப்புக்கொண்டு மேலே போவது. இது விரைவில் கிடைக்கும். இரண்டுக்கும் கோர் கட்டணம் வாங்குவதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பெருந்தொகை அடங்கியிருக்கிறது. 2023 மே மாதம் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நிலையாக நீர் இருக்கும் ஓடை, ஆறு போன்றவற்றோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருக்கும் ஈரநிலங்கள் மட்டுமே ஃபெடரல் சட்டத்தின்கீழ் வருகின்றன. அதே ஆண்டு வட கரோலைனா சட்டமன்றமும் மாநிலத்தின் ஈரநிலப் பாதுகாப்பை அந்த ஃபெடரல் வரையறையோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே உங்கள் மனையில் எதனோடும் சேராமல் தனித்துக் கிடக்கும் ஈரநிலம் இருக்குமானால், காத்திருந்தாவது அங்கீகரிக்கப்பட்ட தீர்மானத்தை வாங்குவதே நல்லது, அந்தத் துண்டுக்கு அனுமதியும் ஈடும் தேவைப்படாமலே போகலாம். எல்லாம் ஓடைக்கரையை ஒட்டியே இருக்கிறது என்றால் முதனிலைத் தீர்மானமே போதும். சட்டத்தின் வரையறை அடிக்கடி மாறிவருவதால், பழைய உரிமையாளர் வைத்திருக்கும் காலாவதியான தீர்மானத்தை நம்பி விலை பேசாதீர்கள்.

கோர் அலுவலகத்தோடு முடிந்துவிடுவதில்லை. நியூஸ் ஆற்றுப் படுகையிலும் ஜோர்டன் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் ஓடைக்கரையிலிருந்து 50 அடி வரை, கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் மாநிலத்தின் கரைப் பாதுகாப்பு வளையம் இருக்கிறது. முதல் 30 அடி முதல் மண்டலம், அடுத்த 20 அடி இரண்டாம் மண்டலம். ஓர் ஓடைக்கு இந்த வளையம் உண்டா இல்லையா என்பதை மாநில நீர்வளப் பிரிவு தீர்மானிக்கும். ஈரநிலம் ஒரு சதுர அடிகூடப் போகாத திட்டங்கள் இந்த வளையத்தில் வந்து சிக்கிக்கொள்வதுண்டு. இதற்கும் மேலே, சில ஊர்களின் சொந்த விதிகள் இதைவிட அகலமான இடைவெளியைக் கேட்கும். ஊர்த் திட்ட அலுவலகத்தில் தனியாக விசாரியுங்கள்.

4. கட்டட வரைபடத்தைத் திருத்துங்கள்

முதலில் தவிர், முடியாவிட்டால் குறை, அதற்கும் மேல் மிஞ்சியதற்கு ஈடு செய் என்பதே கோர் அலுவலகம் பின்பற்றும் வரிசை. முதல் இரண்டையும் நீங்கள் செய்தீர்கள் என்று நம்பினால்தான் மூன்றாவதைப் பற்றிப் பேசவே தொடங்குவார்கள். கட்டடக் கலைஞர் வரைபடத்தை முடித்துக் கையில் கொடுத்த பிறகு ஈரநிலக் கோட்டை அதன்மேல் பொருத்திப் பார்ப்பவர்கள், வரைபடத்துக்கு இரண்டு முறை பணம் கொடுக்கிறார்கள். கோடு முதலில் வர வேண்டும். வரைபடம் அதைப் பார்த்து வளர வேண்டும்.

செய்யக்கூடியவை பல. ஓடையைக் கடக்கும் பாதையை அது குறுகலாக இருக்கும் இடத்தில், செங்குத்தாகக் கடக்கும்படி நகர்த்தலாம். குறுகலாகச் செங்குத்தாகக் கடக்கும் பாதைகள் கரை வளைய விதிகளில் ஈடு இல்லாமலே அனுமதிக்கப்படுவதும் உண்டு. மண் சரிவு நீண்டு ஈரநிலத்துக்குள் விழாமல் தடுப்புச்சுவர் கட்டலாம், வாகன நிறுத்தத்தின் ஒரு வரிசையைக் குறைக்கலாம், மழைநீர்த் தொட்டியை மேட்டுக்கு மாற்றலாம். தடுப்புச்சுவரின் செலவையும் அது காப்பாற்றும் ஈரநிலத்துக்கான கிரெடிட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பல நேரங்களில் சுவரே மலிவு. நீங்கள் வரைந்து கைவிட்ட பழைய வரைபடங்களைத் தூக்கி எறிய வேண்டாம். தவிர்க்க முயன்றதற்கு அவைதான் சான்று.

5. எந்த அனுமதி என்று கணக்குப் போடுங்கள்

ஏக்கரைச் சென்டாக மாற்றிக்கொண்டால் நமக்கு இந்தக் கணக்கு எளிதாகிவிடும். குடியிருப்புக் கட்டுமானத்துக்கு 29ஆம் எண், வணிக, நிறுவனக் கட்டடங்களுக்கு 39ஆம் எண் நாடளாவிய பொது அனுமதி பயன்படும். இரண்டிலும் இழப்பு அரை ஏக்கரை, அதாவது 50 சென்டைத் தாண்டக் கூடாது. ஈரநில இழப்பு 10 சென்டைத் தாண்டினாலோ, ஓடைப் படுகையின் இழப்பு 3 சென்டைத் தாண்டினாலோ பொதுவாக ஈடு கேட்கப்படும். 3 சென்ட் என்பது ஏறத்தாழ 1,307 சதுர அடி, ஆறடி அகலமுள்ள ஓடையில் அது சுமார் 218 அடி நீளம். இவை நாடு முழுமைக்குமான அளவுகள். வில்மிங்டனில் உள்ள கோர் மாவட்ட அலுவலகம் தன் வட்டார நிபந்தனைகளால் இவற்றை இன்னும் இறுக்கலாம், குறைவான இழப்புக்கும் ஈடு கேட்கலாம். ஆகவே அந்த நிபந்தனைகளின் பக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. இந்த ஆண்டு கட்டடத்துக்கு 40 சென்ட், அடுத்த ஆண்டு வாகன நிறுத்தத்துக்கு 30 சென்ட் என்று பிரித்துக் கேட்டால் இரண்டும் அரை ஏக்கருக்குள் அடங்கிவிடும் என்று யோசிக்கத் தோன்றும். ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது என்றால் இரண்டையும் சேர்த்து ஒரே திட்டமாகத்தான் கணக்கிடுவார்கள். பிரித்துக் கேட்டது தெரியவந்தால், அதுவரை இருந்த நம்பிக்கையும் போய்விடும்.

அரை ஏக்கரைத் தாண்டினால் தனி அனுமதிதான் வழி. அதற்குப் பொது அறிவிப்பு, மாற்று இடங்கள் பற்றிய முழு ஆய்வு, பிற துறைகளின் கருத்து எல்லாம் தேவை. மாதக்கணக்கில் நீளும், ஆண்டைத் தாண்டுவதும் உண்டு. அதன் அரசுக் கட்டணமோ வணிகத் திட்டத்துக்கு 100 டாலர், மற்றவற்றுக்கு 10 டாலர். பொது அனுமதிக்கு அதுகூட இல்லை. கன்சல்டன்ட் கட்டணத்தைப் பார்த்து மிரண்டவர்களுக்கு இது ஒரு சிறிய ஆறுதல்.

6. விண்ணப்பக் கட்டைத் தயாரியுங்கள்

பொது அனுமதிக்கான முன்னறிவிப்பு விண்ணப்பத்தைப் பி.சி.என். என்று சொல்வார்கள். வட கரோலைனாவில் கோர் அலுவலகத்துக்கும் மாநில நீர்வளப் பிரிவுக்கும் பொதுவான படிவம் இருக்கிறது. இணையத்தில் எந்த வாயில் வழியாக அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் கோப்பைக் கவனிக்கும் அதிகாரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டில் இருக்க வேண்டியவை இவை: உரிமையாளர் கையெழுத்திட்ட முகவர் நியமனப் படிவம், இட அமைவு வரைபடங்கள், எல்லைக் கோடும் களப் படிவங்களும், கோட்டின்மேல் பொருத்திய கட்டட வரைபடம், பாதிப்புப் பட்டியல், தவிர்த்தல், குறைத்தல் பற்றிய விளக்கம், ஈடு செய்யும் திட்டம், விற்பவரிடம் கிரெடிட் இருக்கிறது என்று காட்டும் இருப்புக் கடிதம் (7ஆம் பகுதியைப் பாருங்கள்).

பாதிப்புப் பட்டியலில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பாதிப்புக்கும் தனி எண் கொடுத்து, நிரந்தரமா தற்காலிகமா என்று பிரித்து, ஈரநிலத்தை ஏக்கரிலும் ஓடையை நீள அடியிலும் படுகைப் பரப்பிலும் வளையத்தை மண்டல வாரியாகச் சதுர அடியிலும் எழுத வேண்டும். பட்டியலில் உள்ள எண்ணும் வரைபடத்தில் உள்ள எண்ணும் விளக்கத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வரைபடத்தைக் கடைசி நேரத்தில் திருத்திவிட்டுப் பட்டியலைத் திருத்த மறப்பது அடிக்கடி நடப்பது. அனுப்புவதற்கு முந்தைய நாள் இந்த மூன்றையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆளை உட்காரவைத்தால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம்.

அரிய உயிரினங்கள், தொல்பொருள்கள் பற்றிய சரிபார்ப்பும் இதே கட்டில் சேரும். நியூஸ் ஆற்றுப் படுகையில் நியூஸ் ரிவர் வாட்டர்டாக் என்ற, பல்லி போன்ற உருவமுள்ள நீர்வாழ் சாலமாண்டர் இனமும் சில நன்னீர்ச் சிப்பிகளும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. மரம் வெட்டும் வேலைக்கு வௌவால் இனங்களும் குறுக்கே வரும். வேக் கவுன்ட்டியில் மிஷோ சூமாக் என்ற செடியைத் தேடச் சொன்னால், அதற்கான பருவம் மே முதல் அக்டோபர் வரைதான். நவம்பரில் இது நினைவுக்கு வந்தால் அடுத்த மே வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எனவே உயிரினப் பட்டியலை முதல் வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

காலக் கணக்கு இப்படிப் போகும். தூய நீர்ச் சட்டத்தின் 401ஆம் பிரிவின்கீழ் மாநிலம் தரும் நீர்த்தரச் சான்றுக்கு விண்ணப்பிக்க 30 நாளுக்கு முன்பே, முன்சந்திப்புக் கோரிக்கை ஒன்றை அனுப்பியிருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு ஃபெடரல் விதி சொல்கிறது. மாநிலம் விரும்பினால் அதைத் தளர்த்தலாம். ஒரு மின்னஞ்சல் வேலைதான், ஆனால் அதை அனுப்பாமல் விட்டவர்கள் ஒரு மாதத்தை இழக்கிறார்கள். கோர் அலுவலகம் பி.சி.என்.ஐப் பெற்று 30 நாளுக்குள் குறையிருந்தால் கேட்கும். முழுமையான விண்ணப்பம் கிடைத்த நாளிலிருந்து 45 நாள் கெடு ஓடும். 45 நாள் கடந்துவிட்டது, இனி நம் இஷ்டம் என்று மண்வெட்டியை எடுக்க வேண்டாம். அரிய உயிரினமோ தொல்பொருளோ சம்பந்தப்பட்ட கோப்பில் எழுத்துமூலம் பதில் வராமல் வேலை தொடங்கக் கூடாது, மாநிலச் சான்றும் கையில் இருக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு மாநிலம் சில நூறு டாலர் கட்டணம் வாங்கும்.

7. கிரெடிட் எவ்வளவு, எங்கே என்று தேடுங்கள்

ஈடுசெய் வங்கி என்பது முன்பே அழிந்துபோன ஈரநிலத்தையோ ஓடையையோ ஒரு நிறுவனம் மீட்டெடுத்து, அரசின் ஒப்புதலோடு அதைக் கிரெடிட்களாக விற்பது. 2008ஆம் ஆண்டு ஃபெடரல் விதி, முதலில் வங்கி, அடுத்து ஈட்டுக் கட்டணத் திட்டம் (8ஆம் பகுதியில் வருகிறது), கடைசியாக நீங்களே செய்யும் மீட்பு என்று முன்னுரிமை கொடுக்கிறது.

எத்தனை கிரெடிட் என்பது விகிதத்தைப் பொறுத்தது. உங்கள் ஈரநிலத்தையும் ஓடையையும் வட கரோலைனாவுக்கென்று வகுத்த மதிப்பீட்டு முறைகளால் உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று தரம் பிரிப்பார்கள். தரம் உயர்ந்தால் விகிதமும் உயரும். 22 சென்ட் ஈரநிலம் போகிறது, விகிதம் ஒன்றுக்கு இரண்டு என்றால், 0.44 கிரெடிட் வாங்க வேண்டும். ஓடைக்கு அடிக் கணக்கு. 120 அடிக்கு அதே விகிதத்தில் 240 கிரெடிட். கரை வளையத்தில் ஈடு கேட்கப்படும் பாதிப்பானால் முதல் மண்டலத்தின் ஒவ்வொரு சதுர அடிக்கும் மூன்று, இரண்டாம் மண்டலத்துக்கு ஒன்றரை. ஆக 1,000 சதுர அடி முதல் மண்டலம் 3,000 ஆகிவிடும். இந்த மூன்றும் தனித்தனிச் சரக்கு. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைத் தீர்க்க முடியாது. ஈரநிலத்திலேயே ஆற்றங்கரை ஈரநிலம், மற்ற ஈரநிலம் என்று இரண்டு வகை உண்டு.

விலைப் பலகை எதுவும் கிடையாது. வங்கி சொல்வதுதான் விலை. ஓடைக்கு ஓர் அடிக்கே பல நூறு டாலர் ஆகும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள். ஒரே பகுதியில் இரண்டு வங்கிகள் இருந்தால் இரண்டிடமும் கேளுங்கள், பேரம் நடக்கும்.

தேட வேண்டிய இடம் கோர் அலுவலகத்தின் ரிபிட்ஸ் இணையத் தரவகம். எந்த வங்கி எந்தப் பகுதிக்கு விற்கலாம், எவ்வளவு கிரெடிட் விடுவிக்கப்பட்டது, எவ்வளவு விற்றது என்பதை அதில் பார்க்கலாம். வங்கியின் சேவைப் பகுதி நீர்ப்பிடிப்பு எல்லையைப் பொறுத்தது, கவுன்ட்டியைப் பொறுத்ததல்ல. கேரி நகரமே இதற்கு நல்ல உதாரணம். நகரின் ஒரு பகுதி மேல் நியூஸ் படுகையில், 03020201 என்ற எண்ணுள்ள நீர்ப்பிடிப்பில் விழுகிறது. மறுபகுதி கேப் ஃபியர் படுகையில், ஜோர்டன் ஏரிப் பக்கம் 03030002 எண்ணில் விழுகிறது. ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் இருப்பவர் வாங்கிய வங்கியில் அந்தப் பக்கம் இருப்பவர் வாங்க முடியாமல் போகலாம். நண்பர் வாங்கிய இடத்தில் நாமும் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், உங்கள் மனையின் எட்டு இலக்க எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்பதும் அதனிடம் விற்கக் கிரெடிட் இருக்கிறது என்பதும் வேறு வேறு. நட்ட மரம் பிழைத்ததா, நீர் நின்றதா என்று ஆண்டுதோறும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கிரெடிட்களை விடுவிப்பார்கள். இருப்புக் கடிதம் கேட்கும்போது, விடுவிக்கப்பட்ட கிரெடிட்தானா, கடிதம் எந்தத் தேதி வரை செல்லும், விலை அதுவரை மாறாதா, முன்பணம் திரும்பி வருமா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

8. வங்கியில் இல்லையென்றால்

மாநிலத்தின் ஈடுசெய் சேவைப் பிரிவு ஈட்டுக் கட்டணத் திட்டத்தை நடத்துகிறது. நீங்கள் பணம் கட்டினால் மீட்பு வேலையை அது பின்னர் செய்துகொள்ளும். ஆனால் உங்கள் நீர்ப்பிடிப்பில் தனியார் வங்கிக் கிரெடிட் கிடைக்கும்போது நேராக இங்கே வர மாநிலச் சட்டம் விடுவதில்லை. சட்டத்துக்கு இணங்கித்தான் வந்திருக்கிறேன் என்று கையெழுத்திட்ட உறுதிமொழியை விண்ணப்பத்தோடு தர வேண்டும். வங்கிகளிடம் கேட்டு, இல்லை என்று வந்த மின்னஞ்சல்களைச் சேமித்து வையுங்கள். இந்தப் பிரிவு தரும் ஏற்புக் கடிதம் ஆறு மாதம்தான் செல்லும். அனுமதி தாமதமானால் கடிதம் காலாவதியாகிவிடும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அதற்குள் கட்டண விகிதமும் மாறியிருக்கலாம்.

மீட்பு வேலையை நாமே செய்துவிடலாமே என்ற யோசனை சிலருக்கு வரும். பன்னிரண்டு கூறுகள் கொண்ட திட்டம், நிலத்தை நிரந்தரமாகக் கட்டிப்போடும் பாதுகாப்புப் பத்திரம், நிதி உத்தரவாதம், குறைந்தது 5 ஆண்டு கண்காணிப்பு என்று நீளும் பட்டியல் அது. சிறு மனைக்காரர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

9. பணம் கட்டும் வரிசை

முதலில் இருப்புக் கடிதம், பிறகு அனுமதி, பிறகுதான் முழுப் பணம். அனுமதி வருமுன் மொத்தமாக வாங்கிவிட்டால், அதிகாரி விகிதத்தையோ வகையையோ மாற்றும்போது கையில் இருப்பது பயனற்றுப்போகும். வாங்கிவிட்டேன், ஆகவே அனுமதி கொடுங்கள் என்ற வாதமும் எடுபடாது. அனுமதிக் கடிதத்தின் சிறப்பு நிபந்தனைகளில் எத்தனை கிரெடிட், எந்த வகை, எந்த வங்கி என்று இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பார்த்தே பணம் அனுப்புங்கள்.

வில்மிங்டன் மாவட்டத்தில், ஈடு செய்யும் பொறுப்பை மாற்றிக்கொடுக்கும் படிவம் ஒன்றை அனுமதிக் கடிதத்தோடு இணைத்து அனுப்புகிறார்கள். அதில் வங்கியின் கையெழுத்து விழுந்தால்தான் சட்டப் பொறுப்பு உங்களிடமிருந்து வங்கிக்குப் போகிறது. பின்னாளில் அந்த மீட்புத் தளம் தோற்றுப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பதை அந்தத் தாள்தான் முடிவுசெய்யும். பண ரசீது இதற்கு மாற்றாகாது. கையெழுத்தான படிவம் கோர் அலுவலகத்துக்கும் மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்டு உறுதிசெய்யுங்கள்.

10. மண்ணைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும்

ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறினால் மண்ணரிப்புத் தடுப்புத் திட்டத்துக்குத் தனி ஒப்புதல் வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கொடுத்து, பாதுகாக்கப்பட வேண்டிய கோட்டில் ஆரஞ்சு வலை வேலி போடச் சொல்லுங்கள். ஈரநிலத்தில் வேரைத் தொடாமல் மரத்தைத் தரைக்கு மேலே மட்டும் அறுப்பது பொதுவாக 404ஆம் பிரிவுக்குள் வராது. வேரோடு இயந்திரத்தால் பிடுங்கி மண்ணைத் தள்ளினால் வந்துவிடும். நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று மலிவாக வருகிறவர்களால்தான் பெரும்பாலான மீறல்கள் நேர்கின்றன. மீறலுக்கான சிவில் அபராதத்தின் உச்ச வரம்பு ஒரு நாளைக்கு 60,000 டாலருக்கும் மேல். அதோடு கொட்டிய மண்ணை உங்கள் செலவில் அள்ளவும் சொல்வார்கள்.

நாடளாவிய பொது அனுமதிகள் 5 ஆண்டுக்கு மேல் செல்லாது. 2021இல் வந்த தொகுப்பு 2026 மார்ச் 14 அன்று முடிந்தது. உங்கள் கடிதத்தில் உள்ள முடிவுத் தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அந்தத் தேதிக்குள் வேலை தொடங்கியிருந்தாலோ ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தாலோ, முடித்துக்கொள்ளப் பொதுவாக 12 மாதம் கிடைக்கும். வேலை முடிந்ததும் அனுமதிக் கடிதத்தோடு வந்த நிறைவுச் சான்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கோர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலையும் பொறுப்பு மாற்றப் படிவத்தையும் அதிகார வரம்புத் தீர்மானத்தையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மனையை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் இந்த மூன்றையும் கேட்கக்கூடும்.